நாற்காலிக்கு அடியில் ஓடும் நீர்

பல் மருத்துவமனை தொடங்க நினைப்பவர் முதலில் பேசுவது நாற்காலியின் நிறத்தைப் பற்றி. அடுத்துப் பெயர்ப்பலகை, விளக்குகள், வரவேற்பு மேசை. தரைக்கு அடியில் என்ன போகப்போகிறது என்ற பேச்சு கடைசியில்தான் வரும். பல இடங்களில் டைல்ஸ் பதித்த பிறகே வரும். ஆனால் அந்த அறை பத்தாண்டு இயங்குமா, இரண்டாம் ஆண்டிலேயே உடைபடுமா என்பது அந்த அடிப்பகுதியில்தான் முடிவாகிறது. ஒரு நாற்காலிக்கு ஐந்து இணைப்புகள் வேண்டும்: உள்ளே வரும் தண்ணீர், வெளியேறும் கழிவுநீர், அழுத்தக் காற்று, உறிஞ்சுகுழாய், மின்சாரம். ஐந்தும் நாற்காலியின் காலடியில் ஒரு சிறிய பெட்டிக்குள் மேலெழ வேண்டும். பெட்டி எந்தப் பக்கம், எத்தனை அங்குலம் தள்ளி என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அதற்கென்றே தரையில் விரித்து அளக்கும் வரைபடத்தாள் ஒன்றைத் தருவார்கள். எந்த நாற்காலி என்று முடிவு செய்யாமல் குழாய் பதிப்பது, காலை அளக்காமல் செருப்புத் தைப்பதற்கு ஒப்பானது. அப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது.

தெற்குப் பெங்களூரில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் அறுநூறு சதுர அடி இடத்தை வாடகைக்கு எடுத்தார் ஒரு பெண் மருத்துவர். பத்தாண்டுகள் பிறருடைய மருத்துவமனைகளில் சதவீதக் கணக்கில் வேலை பார்த்தவர். வங்கிக் கடன், தாயின் நகை, கொஞ்சம் சேமிப்பு: இவையே முதலீடு. இடம் முன்பு தனிப்பயிற்சி வகுப்பாக இருந்தது. கீழே மளிகைக் கடை, மேலே வீட்டு உரிமையாளரின் குடும்பம். உரிமையாளர் போட்ட நிபந்தனை ஒன்றே: கான்கிரீட் தளத்தைத் துளைக்கக் கூடாது. துளைத்தால் கீழே அரிசி மூட்டைகளின் மேல் சொட்டும் என்பது அவருடைய அச்சம். நியாயமான அச்சம்தான்.

தளத்தைத் துளைக்க முடியாவிட்டால் தளத்தின் மேல் இன்னொரு தளம் எழுப்ப வேண்டும். மேடை கட்டி, அதற்குள் குழாய்களை ஓட்டி, மேலே டைல்ஸ் பதிப்பது இந்திய நகரங்களின் மாடி மருத்துவமனைகளில் வழக்கமான தீர்வு. மருத்துவர் ஆறு அங்குல மேடை போதும் என்று எண்ணியிருந்தார். குழாய் வேலைக்கு வந்தவரோ ஒரு காகிதத்தின் பின்புறம் கணக்குப் போட்டார். அவர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர். அம்மாவட்டத்தின் பட்டாமுண்டை வட்டாரத்திலிருந்து தலைமுறைகளாகக் குழாய்ப் பணியாளர்கள் நாடெங்கும் போகிறார்கள். குழாய்த் தொழில்நுட்பத்துக்கென ஓர் அரசு நிறுவனமே அங்கு உண்டு. இந்தியப் பெருநகரங்களின் குளியலறைச் சுவர்களுக்குள் அந்தச் சிறுவட்டாரத்தின் கைவேலை எவ்வளவு புதைந்திருக்கிறது என்பதை யாரேனும் விரிவாக எழுத வேண்டும்.

அவருடைய கணக்கு இதுதான். கழிவுநீர்க் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். நாற்காலியை மருத்துவர் வைக்க விரும்பியது வீதிப் பக்கச் சன்னலருகே. கழிவுக் குழாய் இறங்குவது கட்டடத்தின் பின்புறம். இடையே இருபத்து நான்கு அடி. அப்படியென்றால் வாட்டத்துக்கே ஆறு அங்குலம் போய்விடும். குழாயின் பருமன் இரண்டு அங்குலம். மேலே சிமெண்டும் டைல்ஸும் இரண்டு அங்குலம். மொத்தம் பத்து. ஆறு அங்குல மேடைக்குள் அடக்க வேண்டுமானால் நாற்காலி பின்சுவரிலிருந்து எட்டு அடிக்குள் வரவேண்டும்.

பத்து அங்குலமானால் என்ன என்று கேட்கலாம். மேடை உயர்ந்தால் ஏறிச் செல்லச் சரிவுப்பாதை வேண்டும். சக்கர நாற்காலிக்கான சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்பது அறிந்த விதி; ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். பத்து அங்குல மேடைக்குப் பத்தடிப் பாதை, ஆறு அங்குல மேடைக்கு ஆறடி. அறுநூறு சதுர அடியில் நான்கடி என்பது காத்திருப்போர் அமரும் ஒரு வரிசை. படியே போதும், யாராவது தூக்கிவிடுவார்கள் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். பல் செட்டுக்காக வருபவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்று சொல்லி மருத்துவர் அதை ஏற்க மறுத்தார்.

ஆனால் சன்னலை விடுவது அவருக்கு எளிதாக இல்லை. செயற்கைப் பல்லின் நிறத்தை அருகிலுள்ள பல்லோடு பொருத்திப் பார்க்கப் பகலொளியே உகந்தது. குழல்விளக்கின் கீழ் பொருந்திய பல் வெயிலில் வேறு நிறமாகத் தெரியும். அந்தச் சன்னலுக்காகவே அவர் இந்த இடத்தைத் தேர்ந்திருந்தார். இரண்டு நாள் வேலை நின்றது. இந்தியும் கன்னடமும் கலந்த உரையாடலில் குழாய்க்காரர் சொன்ன ஒரு வாக்கியம்தான் முடிவைத் தந்தது: “மேடம், நோயாளி எழுந்து சன்னல் வரைக்கும் நடந்து போவார். தண்ணீர் போகாது.” நிறம் பார்க்கும் ஐந்து நிமிடத்துக்கு நோயாளியைச் சன்னலருகே நிறுத்தினால் போயிற்று. நாற்காலி பின்சுவருக்குப் போனது.

வெளியேறும் நீரைப் பற்றிய அறிவு குழாய்க்காரருடையது. உள்ளே வரும் நீரைப் பற்றிய கவலை மருத்துவருடையது. பெங்களூரின் தண்ணீர் எளிய பொருளன்று. காவிரி நீர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து பல கட்டங்களாக மேலேற்றிக் கொண்டுவரப்படுகிறது. அது வராத நாளில் ஆழ்துளைக் கிணறு. அது வற்றினால் டேங்கர் லாரி. 2024ஆம் ஆண்டுக் கோடையில் டேங்கர் விலைக்கு அரசே வரம்பு விதிக்க வேண்டியிருந்தது. மூன்றும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலந்தால் இன்று குழாயில் வருவது எந்த நீர் என்று யாருக்கும் தெரியாது. கிணற்று நீரின் சுண்ணாம்புப் படிவு நாற்காலிக்குள் இருக்கும் சிறு வால்வுகளை அடைக்கும். நிமிடத்துக்கு மூன்று நான்கு லட்சம் முறை சுழலும் பல் குடையும் கருவியின் நுண்துளைகளையும் அடைக்கும். பழுது பார்க்க வருபவர் இயந்திரத்தைக் குறை சொல்வார். குறை தண்ணீரில் இருக்கும்.

படிவு கண்ணுக்குத் தெரியும் தொல்லை. தெரியாதது வேறொன்று. நாற்காலியிலிருந்து கருவிக்கு நீர் கொண்டுபோகும் நெகிழிக் குழலின் உள்விட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். இவ்வளவு குறுகிய குழலில், உள்ளே ஓடும் நீரின் அளவை நோக்க அதைத் தொடும் சுவரின் பரப்பு மிக அதிகம். சுவரை ஒட்டிய இடத்தில் நீரின் வேகம் ஏறக்குறைய சுழியம். இரவிலும் ஞாயிறுகளிலும் நீர் அப்படியே தேங்கி நிற்கும். நுண்ணுயிர்கள் வழவழப்பான படலமாகச் சுவரில் குடியேற இதைவிட வசதியான வீடு கிடைக்காது. பல் மருத்துவக் கருவிகளின் நீரில் இப்படிக் கிருமிகள் பெருகுவது 1963ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அறுவை சாராத சிகிச்சைக்கான நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 நுண்ணுயிர்க் குடியிருப்புகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003இல் வரையறுத்தது. கவனிக்காமல் விட்ட குழல்களில் அது பல மடங்கு தாண்டிவிடும்.

பெரும்பாலோருக்கு அதனால் எதுவும் நேர்வதில்லை. அதனால்தான் அது மறக்கப்படுகிறது. 2011இல் இத்தாலியில் எண்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் லெஜியனெல்லா நிமோனியாவால் இறந்தார். வீட்டை விட்டு அவர் வெளியே போனது பல் மருத்துவரிடம் மட்டுமே. கிருமியும் அந்த நாற்காலியின் நீர்க்குழலில் கண்டறியப்பட்டது. 2016இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் பாற்பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளில் எழுபதுக்கும் மேற்பட்டோர், நீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியத்தால் தாக்குண்டனர்; சிலர் நிலைப்பற்களையும் தாடை எலும்பின் பகுதிகளையும் இழந்தனர். நம் பக்கத்தில், வட தமிழகத்தில் 2022–23இல் மூளையைத் தாக்கிய மெலியாய்டோசிஸ் நோய்க் கொத்தின் ஒரு பகுதி ஒரு பல் மருத்துவமனையோடு தொடர்புபடுத்தப்பட்டது. அத்தொடர்புடையோரில் எட்டுப் பேர் இறந்தனர். அது குழாய் நீரால் வந்ததன்று. முறையாகத் தூய்மை செய்யாத கருவியால் திறந்து, மீண்டும் பயன்படுத்தப்பட்ட சலைன் குப்பியின் பக்கமே ஆய்வு விரல் நீட்டியது. ஆனாலும் பல் மருத்துவத்தில் நீரென்பது துணைப்பொருள் அன்று, மருந்துக்கு நிகரானது என்பதை அது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது.

மருத்துவர் எடுத்த முடிவு, கருவிகளுக்குக் கட்டட நீரையே தராமல் நாற்காலியில் பொருத்தும் தனிக் குப்பியில் தூய நீரை நிரப்புவது. இதனால் மேலே உரிமையாளர் வீட்டோடு பங்கிடும் தொட்டிக்கும் நோயாளியின் வாய்க்கும் இடையிலான தொடர்பு அறுந்தது. தொட்டி காலியாகும் நேரத்தில் கழிவு பின்னோக்கி இழுக்கப்படும் அபாயமும் கருவிகளின் பக்கம் நீங்கியது. குப்பி மந்திரமன்று. குளோரின் நீங்கிய தூய நீரில் படலம் இன்னும் சுலபமாக வளரும். குழல்களுக்கு முறைப்படி கிருமிநீக்கி செலுத்த வேண்டும், ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் இருபது முப்பது விநாடி நீரை ஓடவிட வேண்டும். இவை ஒழுக்கம் சார்ந்தவை. எந்தக் குழாய்க்காரரும் பதித்துத் தர முடியாது.

வாய் கொப்பளிக்கும் கோப்பைக்கும் கை கழுவும் தொட்டிக்கும் கட்டட நீரேதான். இங்கேதான் உண்மையான இழுபறி வந்தது. மருத்துவரின் கனவில் இரண்டாவது நாற்காலி ஒன்று இருந்தது. ஒரு நாற்காலி கடன் தவணையையும் வாடகையையும் கட்டும். இரண்டாவதுதான் வாழ்க்கையைத் தரும். மேடை கட்டும்போதே அதற்கும் தண்ணீர்க் குழாயை இழுத்து முனையை மூடி வைத்துவிட்டால், பின்னாளில் டைல்ஸ் உடைக்க வேண்டாம். எல்லாரும் சொல்லும் அறிவுரை இதுவே. ஆனால் மூடிய முனையோடு நிற்கும் அந்தக் குழாய்த் துண்டில் நீர் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அங்கே வளரும் படலத்திலிருந்து கிருமி ஓடும் குழாய்க்குள் வந்துகொண்டே இருக்கும். நாளைய நாற்காலிக்காக இன்றைய நோயாளியின் கோப்பையில் அழுக்கைச் சேர்ப்பதாகும் அது.

குழாய்க்காரருக்கு இது புதுச் செய்தி. நீர் தேங்கினால் கொசு வரும் என்றுதான் அவர் அறிந்திருந்தார். மூடிய குழாய்க்குள் எது வரும் என்று கேட்டார். மருத்துவர் அவரைத் தம் பழைய பணியிடத்தில் கழற்றிப் போட்டிருந்த ஒரு குழலைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்ளே விரலால் வழித்தெடுக்கக்கூடிய பழுப்புப் பசை. அவர் அதை முகர்ந்து பார்த்து, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வேறு வழி சொன்னார். தண்ணீர்க் குழாயை இழுக்க வேண்டாம்; இரண்டரை அங்குல வெற்றுக் குழாயைப் பெரிய வளைவுகளோடு உறையாகப் பதித்துவிடலாம். இரண்டாவது நாற்காலி வரும் நாளில் வளையும் மெல்லிய குழாய்களை அதன் வழியே இழுத்துக்கொள்ளலாம். அதுவரை உள்ளே காற்று மட்டும் இருக்கும். கழிவுக்கான கிளைக் குழாய் தனி. அதில் நீர் ஏறாதபடி சந்திப்பை மேல்நோக்கித் திருப்பி மூடினார்.

காற்று, உறிஞ்சல் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். காற்றழுத்த இயந்திரம் பின்பக்க பால்கனிக்குப் போனது. ஈரக்காற்று பல் அடைப்பின் ஒட்டுதலைக் கெடுக்கும் என்பதால் உலர்த்தி தேவைப்பட்டது. உறிஞ்சுகுழாய் எங்கும் செங்கோணத்தில் திரும்பவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்பத்தைந்து பாகை எல்போ இரண்டு. இரத்தமும் பல்துகளும் தங்குவது மூலைகளில்தான். உறிஞ்சு இயந்திரம் வெளிவிடும் காற்று, அழுத்த இயந்திரம் உள்ளிழுக்கும் வாயருகே போகாதபடி கூரைக்கு மேல் கொண்டுபோகப்பட்டது. இதை ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் மருத்துவமனைகள் குறைவல்ல.

பாதரசம்தான் அரைகுறையாக நின்ற இடம். வெள்ளி அடைப்பு எனப்படும் கலவையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். இந்த மருத்துவர் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் பழைய அடைப்புகளைக் குடைந்து எடுக்கிறார்; அந்தத் துகள் நேரே சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து ஏரிக்குப் போகலாம். இந்த ஊரின் ஏரிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெல்லந்தூர் ஏரி நுரைத்ததும் எரிந்ததும் உலகறிந்தவை. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. துகளைப் பிரித்துப் பிடிக்கும் கருவிக்கு ஐ.எஸ்.ஓ. 11143 என்ற தரம் உண்டு. குறைந்தது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைப் பிடிக்க வேண்டும். மருத்துவர் அதற்கான இடத்தையும் இரண்டு வால்வுகளையும் இயந்திர மூலையில் ஒதுக்கினார்; கருவியை மட்டும் பிறகு வாங்கலாம் என்று தள்ளினார். அதுவரை நாற்காலியின் வலைவடிகட்டியில் சேரும் துகளை மூடியிட்ட புட்டியில் சேர்ப்பதாக ஏற்பாடு. வலையில் நுண்துகள் தங்காது என்பது அவருக்கும் தெரியும். அதன் விலையும் ஒரு மாதத் தவணையும் ஒரே பையிலிருந்து போக வேண்டியவை.

சிமெண்ட் கொட்டுவதற்கு முன் எல்லா முனைகளையும் அடைத்து, நீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்ப்பதில் குழாய்க்காரர் பிடிவாதமாக இருந்தார். மறுநாள் காலை கொத்தனாரும் இரண்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். சித்தாள் ஜல்லியை மாடிக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார். கழிவுக் குழாயின் ஓர் இணைப்பில் ஈரம். சொட்டுக்கூட இல்லை, வெறும் வியர்வை. பூசிவிட்டால் அடைந்துவிடும் என்றார் கொத்தனார். மருத்துவர் குழாய்க்காரரின் முகத்தைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே அரம்பத்தை எடுத்திருந்தார். கொத்தனார் கூட்டத்துக்கு அரைநாள் கூலி கொடுத்து அனுப்பினார்கள். கீழ்க் கடைக்காரர் விவரம் அறிந்து எல்லாருக்கும் தேநீர் அனுப்பினார்.

இரண்டாம் முறை நீர் நிறுத்தியபோது இணைப்புகள் உலர்ந்திருந்தன. அளவுநாடாவைக் குழாய்களின் மேல் விரித்து வைத்து ஒவ்வோர் அடிக்கும் புகைப்படம் எடுத்தார்கள். அதை வைத்து வரைந்த படம் இப்போது மருந்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவது நாற்காலிக்கான உறைக்குழாயின் முனை வெறும் அறையின் சுவரோரம் தரைக்கு மேல் அரை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. பாலிதீன் சுற்றி, சணலால் கட்டி, மேலே கறுப்பு மையில் ‘2’ என்று எழுதியிருக்கிறது.