தூணின் கடைசி ஒரு முழம்

கொட்டாப்புளியால் தூணைத் தட்டினேன். மார்பு உயரத்தில் ‘டங்’கென்றது. இடுப்பு உயரத்திலும் அதே ஓசை. முழங்காலுக்குக் கீழே வந்ததும் நீர் கோத்த பூசணியைத் தட்டியது போல ‘தொப்’பென்று விழுந்தது. சாக்பீஸால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தூணுக்குப் போனேன். எட்டுத் தூண்களில் ஐந்துக்குக் கோடு விழுந்தது. ஐந்தும் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள்ளேயே, ஏறக்குறைய ஒரே மட்டத்தில். காற்றோ வயதோ சாய்த்த கொட்டகையில் கெடுதல் இப்படி நூல் பிடித்தாற்போல் வராது. யாரோ ஒருவர் ஒரே நாளில், ஒரே அளவில் ஏதோ செய்திருக்க வேண்டும்.

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையிலிருந்து மன்னவனூர் போகிற வழியில், சாலையை விட்டுக் கீழிறங்கும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே நிற்கிறது அந்தப் பூண்டுக் கொட்டகை. 24 அடி நீளம், 14 அடி அகலம். இடுப்பளவுக்குக் கல்லும் மண்ணும் வைத்த சுவர், அதற்கு மேல் பலகை, தலையில் துருவேறிய தகரம். கூரைச் சரிவு தகரத்துக்குத் தேவையானதைவிட மிகவும் செங்குத்து. வரிச்சுகளில் கயிறு இறுக்கிய தழும்புகள். ஆகவே முதலில் புல் வேய்ந்திருக்கிறார்கள், தகரம் பிற்பாடு வந்தது. தூண்களில் ரம்பத்தின் பல் தடம் எங்கேயும் இல்லை. நான்கு முகமும் வாச்சியால் செதுக்கியவை. உத்தரத்தில் ஒவ்வொரு கைமரமும் உட்காரும் இடத்தில் உளியால் கொத்திய சின்னக் கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று. தரையிலேயே எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து, கழற்றி, எது எங்கே என்று அடையாளம் வைத்துப் பிறகு மேலே ஏற்றியிருக்கிறார் அந்த ஆசாரி. அவர் பெயர் கொட்டகைக்காரர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. என்னைவிடப் பொறுமைசாலி என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

கொட்டகை எதற்கு என்று கீழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேல்மலையில் தோண்டியெடுத்த பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிடுவார்கள். கீழே விறகை மூட்டமாகப் போட்டுப் புகை காட்டுவார்கள். விதைக்கு எடுத்துவைத்த பூண்டு அடுத்த நடவு வரை அழுகாமலும் முளைவிடாமலும் இருப்பதற்கான ஏற்பாடு இது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டகையைப் பற்றி அப்போது யாரும் பேசியதாக நினைவில்லை.

என்னைக் கூப்பிட்டது கஜாவுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல், திண்டுக்கல்லைக் கடந்து எங்கள் மலையையும் உலுக்கிவிட்டுப் போனது. சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. அடுத்த தை மாதம் அந்த வீட்டு மகன் போன் செய்தார். “இரும்புக் குழாய நட்டு ஷீட் போட்டுடலாம்னு பாக்குறேண்ணே. அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்குறாங்க. ஒருதடவ வந்து, இது தேறாதுன்னு நீங்களே சொல்லிடுங்க.” தேறாது என்று சொல்வதற்காகத்தான் போனேன். கூலியும் பேசியாகிவிட்டது.

தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தேன். 8 அடி உயரத்தில் 4 அங்குலம் கிழக்கே சாய்ந்திருந்தது. பழி புயல் மேல் போகும். ஆனால் வடகிழக்கு மூலையில் தூணையும் உத்தரத்தையும் முக்கோணமாகப் பிடித்திருந்த சாய்வுச் சட்டத்தை யாரோ ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள். மருந்தடிக்கும் இயந்திரத்தை உள்ளே கொண்டுபோக இடிக்கிறதென்று அறுத்ததாம். அந்த ஒரு சட்டம் இருந்திருந்தால் கஜா இந்தக் கொட்டகையை அசைத்திருக்காது என்பது என் எண்ணம்.

பிறகுதான் மேலே ஏறினேன். கைமரம், பரண் சட்டம், மோட்டு எல்லாம் தாரில் தோய்த்தது போல் கறுப்பு. கத்தி முனையால் சுரண்டினால் அரை நூல் கனத்துக்குப் புகைப்படலம், அதற்கடியில் புத்தம் புதிதாகச் சிவந்த மரம். ஓர் உளுத் துளைகூட இல்லை. பல வருடப் புகை மரத்தின் தோலில் ஏறிப் பூச்சியும் பூஞ்சையும் அண்டாத பூச்சாகிவிட்டது. மேலே இவ்வளவு திடமான மரம், கீழே ஒரு முழம் மட்டும் புட்டு. கடப்பாரையை எடுத்து ஒரு தூணின் அடியைக் கிளறினேன். விடை வந்தது: சிமென்ட்.

மண்தரையை எடுத்துவிட்டுச் சிமென்ட் தளம் போட்டபோது, தூண் ஆடாமல் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றின் காலையும் சுற்றி ஒரு முழம் உயரத்துக்குக் காங்கிரீட் பட்டை கட்டியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். மரத்துக்கும் காங்கிரீட்டுக்கும் இடையில் நாளடைவில் மயிரிழை விரிசல் விடும். தகரத்திலிருந்து சொட்டுவது, சுவரில் வழிவது எல்லாம் அதற்குள் இறங்கும். இறங்கியது வெளியே வர வழியில்லை. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20-க்குக் கீழே இருக்கிறவரை அழுகல் பூஞ்சை அதைத் தொடாது. அந்தப் பட்டைக்குள்ளோ வருடம் முழுக்க ஊறல்தான். கீழ்நாட்டில் கரையான் செய்கிற வேலையை இந்தக் குளிரில் பெரும்பாலும் பூஞ்சை செய்கிறது, சத்தமில்லாமல். பட்டை எட்டுத் தூணுக்கும் கட்டியதுதான். மழைச்சாரல் படாத மேற்குப் பக்கத்து மூன்று மட்டும் தப்பித்திருந்தன.

வாசலில் சணல் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அம்மா நான் கிளறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆத்தா, இந்தச் சிமென்ட் எப்பப் போட்டது?” என்று கேட்டேன்.

“அதா? பேரன் பொறந்த வருசம். புகை போட்டா தரையெல்லாம் கரி ஆகுதுன்னு அதோட நெருப்பையும் நிறுத்திட்டாங்க. எங்க மாமனாரு இருந்தவரைக்கும் பூண்டு இருந்தாலும் இல்லாட்டியும் மழையில உள்ள ஒரு கட்டை பொகஞ்சுக்கிட்டே கெடக்கும் தம்பி.”

இரண்டும் ஒரே வருடம். நெருப்பு இருந்தபோது பனிக்கால இரவில் தகரத்தின் உட்பக்கம் வேர்ப்பதை அந்தச் சூடு உலர்த்திவிட்டது. நெருப்பு நின்றதும் வேர்த்தது சொட்டியது, சொட்டியது பட்டைக்குள் போனது. மகனைக் கூப்பிட்டு, தேறும் என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

மரத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த கவலை. இந்த இடத்தில் என் பழைய தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலைத் தனியாக எடுத்துச் செய்யத் தொடங்கிய காலத்தில், ஒரு மாட்டுத் தொழுவத்துக்கு இதே போல் அடி மாற்றினேன். கைக்கெட்டியது யூகலிப்டஸ். அறுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேராக, கனமாக, அழகாக இருந்தது. அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தால் நான் வைத்த துண்டு ஈரம் வற்றி, கரும்பைப் பிழிந்தது போல் முறுக்கிக்கொண்டு, தன்னோடு மேல்தூணையும் பிளந்திருந்தது. என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். 1852-ல் கொடைக்கானலில் வீடு கட்டிய மேஜர் பார்ட்ரிட்ஜ்தான் யூகலிப்டஸையும் வாட்டிலையும் முதலில் இங்கே கொண்டுவந்தவர் என்று ஊர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் துரை மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபம் என் மேல் வந்திருக்க வேண்டும். பச்சை மரத்தைப் பச்சையாக வைத்தது அவரில்லையே.

சோலை மரத்தை நினைக்கவே கூடாது. மலைப்பகுதி மரங்களைக் காக்கும் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. பட்டா நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். அது நியாயம்தான். ஆகவே பழைய மரத்துக்குப் பழைய மரமே துணை. வத்தலக்குண்டில், இடித்த வீடுகளின் மரத்தை வாங்கி விற்கிற ஒரு கடையில் வேங்கைத் தூண்கள் கிடைத்தன. ஆணித் துளைகள், பச்சைப் பெயின்ட், ஒரு பக்கம் யாரோ பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கீறல்கள். காய்ந்து முடிந்து, முறுக்குவதையெல்லாம் எப்போதோ முறுக்கி ஓய்ந்த மரம். வைரம் பாய்ந்த வேங்கை என்றால் உள்ளங்கை வேர்வை பட்டதுமே மஞ்சளாகக் கறை இறங்கும். இறங்கியது. பேரம் பேசாமல் வாங்கினேன்.

நிமிர்த்துவதற்கு ஆறு நாள் ஆனது. எதிர்ப்புறம் நின்ற பேரிக்காய் மரத்தில் சாக்கைச் சுற்றிச் செயின் பிளாக் மாட்டி, நாளுக்கு முக்கால் அங்குலத்துக்கு மேல் இழுக்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து பழகிய இணைப்புகளை ஒரே நாளில் இழுத்தால் கழுந்து முறியும். ஒவ்வொரு மாலையும் இழுத்துவிட்டு வருவேன்; இரவெல்லாம் கொட்டகை முனகியது என்று காலையில் அம்மா சொல்வார். நேரானதும் முதல் வேலையாக அறுபட்ட மூலைச் சட்டத்தை மறுபடி வைத்தேன். மருந்து இயந்திரத்துக்கு வாசலை அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

தூண் மாற்றும்போது உத்தரத்துக்கடியில் முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் ஒரு ரூபாய் நாணயக் கனத்துக்குத் தூக்குவேன். அவ்வளவுதான். அதற்கு மேல் தூக்கினால் கூரை தன் இருக்கையை மறந்துவிடும். பரணிலிருந்து கரித்தூள் உதிர்ந்தால் பாரம் ஜாக்கிக்கு வந்துவிட்டதென்று அர்த்தம். பிறகு அழுகலை அறுத்தெடுத்து, அதற்கு மேல் நல்ல மரத்தில் 20 அங்குலத்துக்கு ஒட்டு வெட்டினேன். தூண் 6 அங்குலக் கனம். ஒட்டு அதைப்போல் மூன்று பங்குக்குக் குறைந்தால் பக்கவாட்டில் ஒடியும். மேல்துண்டில் ஒரு பாதி, கீழ்த்துண்டில் மறுபாதி, இரண்டும் கைகோத்து நிற்கிற வெட்டு. முனைகளைத் தட்டையாக விடாமல் சாய்த்து வெட்டினால் மேலிருந்து பாரம் இறங்க இறங்க ஒட்டு தானே இறுகும்.

இரண்டு முகமும் முழுக்கப் பொருந்துகின்றனவா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பரணிலிருந்து ஒரு கை கரியை வழித்துப் பழைய முகத்தில் பூசினேன். புதுத் துண்டை வைத்து அழுத்தி எடுத்தேன். வேங்கையில் எங்கே கறுப்பு ஒட்டியதோ அங்கே மேடு. அந்த மேட்டை மட்டும் உளியால் காகிதம் போல் சீவினேன். மறுபடி பூச்சு, மறுபடி அழுத்தம். முதல் தடவை மூன்று புள்ளிதான் ஒட்டியது. ஒன்பதாவது தடவை முகம் முழுக்கக் கறுத்தது. பிறகு தமரால் இரண்டு துளை போட்டு வேங்கை ஆப்பே அடித்தேன். இரும்பு போல்ட் சீக்கிரம் முடியும், தெரியும். ஈரம் பட்டால் இரும்பு துருவேறி, அதைச் சுற்றி மரமும் கறுத்து நைந்துவிடும் என்பதையும் இந்த மலையில் பார்த்திருக்கிறேன். மரம் வளர்ந்தபோது தூர் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே கீழே வரும்படி ஐந்து துண்டுகளையும் நிறுத்தினேன். என் அப்பா அப்படித்தான் நிறுத்துவார், நானும் மாற்றவில்லை.

சிமென்ட் பட்டை எட்டையும் உடைத்தோம். ஒவ்வொரு தூணுக்கும் தளத்தைவிட நான்கு அங்குலம் உயர்ந்த பாதக்கல், மேல்முகம் லேசாக வெளிப்பக்கம் சரிந்தது. மரம் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் வெட்டுமுகத்தின் வழியே. அதனால் அடிமுகத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெயை மூன்று முறை பூசிக் காயவிட்டோம். தளத்தைச் சரிவாக்கி ஓரத்தில் கால்வாய் வெட்டினோம். மொத்தம் 23 நாள், இரண்டு ஆள். இரும்புக் கொட்டகைக்கு ஆகியிருக்கும் செலவில் பாதிக்குச் சற்று மேல் ஆனது. மகன் அதைத் தன் வாயாலேயே சொன்னார், கொஞ்சம் வேண்டாவெறுப்பாக.

ஜப்பானில் சிரகவாகோ என்றொரு மலைக்கிராமம். 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அதன் புல்வேய்ந்த பெரிய வீடுகளுக்குள், தரை நடுவில் அடுப்பு வைத்து எரிப்பார்கள். அந்தப் புகைதான் கூரைப் புல்லையும் கட்டுக் கயிற்றையும் காக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். போனை அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “இத எதுக்கு படம் புடிச்சு வச்சிருக்காங்க?” என்றார்.

மேல்மலையில் மரக்கொட்டகை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இடிக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன், ஐப்பசி மழை நின்ற மூன்றாம் நாள் ஒரு சாக்பீஸோடு உள்ளே போங்கள். அன்றைக்கும் ஈரம் காயாத இடம் எதுவோ அங்கே ஒரு கோடு போடுங்கள். வெயில் காலத்தில் போனால் எல்லாத் தூணும் நல்ல தூணாகத்தான் தெரியும். கோடுகள் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டால், கொட்டகையைத் தொடாதீர்கள்; சிமென்டை மட்டும் உடையுங்கள்.