கவரை எரிக்காதீங்க, சார்!

எலிக்கு என் மேல் என்ன கோபமோ! கொல்லிமலையில் நண்பன் வீட்டுக்குப் போன முதல் ராத்திரியே என் புது பெல்ட்டைக் குதறி வைத்திருந்தது. ஆபீஸில் ஃபைல் கடிக்கிற எலிகளோடு குப்பை கொட்டுகிறவன்தான் நான். ஆனால் பெல்ட்..? ரோஷம் வந்துவிட்டது. செம்மேட்டில் எலி கேக் வாங்கி வந்து, மிளகு மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். காலி கவரை வெந்நீர் அடுப்புக்குள் திணித்தேன். சுத்தம் முக்கியம், பாருங்க!

நண்பன் வீடு இருப்பது எடப்புளி நாட்டில். பாஸ்போர்ட்டெல்லாம் வேண்டாம்... கொல்லிமலையில் இப்படி மொத்தம் 14 நாடுகள்!

விடிந்ததும் பார்த்தால், எலி கேக்கை எலி சீண்டவே இல்லை. வாயெல்லாம் நீலமாக, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது ராஜா. அந்த வீட்டு நாய்.

"உப்புத் தண்ணி ஊத்து" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். "புளியைக் கரைங்க" என்றது இன்னொரு குரல். நண்பனின் அம்மா பாலோடு வந்தார். நான் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு தயார்.

நண்பன் மட்டும் பாறை மேல் ஏறினான். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"வாய்ல எதையும் ஊத்தாதீங்க! உப்பு ஜாஸ்தியானா அதுவே மூளையைத் தாக்கும். எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். கவர்ல மருந்து பேர் என்ன போட்டிருக்கு?"

கவர்..! எனக்கு வியர்த்தது.

நண்பனின் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்புக்குள் கையை விட்டார். ராத்திரி மழையில் விறகு ஈரம். பாதி கருகிய கவர் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ப்ரோமடையலோன்.

"தப்பிச்சீங்க. ஜிங்க் பாஸ்பைடா இருந்தா வயித்து அமிலம் பட்டு விஷவாயுவாயிடும். சில மணி நேரத்துல ஆளைக் காலி பண்ணிடும். வாந்தியில வர்ற வாயு பக்கத்துல இருக்கிற உங்களுக்கும் ஆபத்து. இது வேற மாதிரி. ரத்தத்தை உறைய விடாது. மூணு நாலு நாளைக்கு ஒண்ணுமே தெரியாது. அப்புறம் உள்ளுக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிக்கும். நல்லாத்தானே இருக்குன்னு உக்காந்துடாதீங்க. உடனே நாமக்கல் கொண்டு போங்க. கவரை மறக்காதீங்க!"

ஜீப் கிளம்பியது. காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ராஜா என் மடியில். பாதி மலை இறங்குவதற்குள் வாந்தி வந்துவிட்டது. ராஜாவுக்கு இல்லை, எனக்கு! அது ஜன்னலில் தலையை நீட்டி ஜாலியாகக் காற்று வாங்கியது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கருகிய கவரைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார்கள். ஓர் ஊசி. கொஞ்ச நேரத்தில் நீல நீலமாக வெளியே வந்தது. விழுங்கி சில மணி நேரத்துக்குள் வந்ததால் இது பலித்தது. "மண்ணெண்ணெய், ஆசிட் மாதிரி குடிச்சிருந்தா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது" என்றார் டாக்டர். பிறகு கரி மருந்து. வைட்டமின் கே1 மாத்திரை நாலு வாரம், சாப்பாட்டோடு. ரத்தம் உறைய வேண்டுமென்றால் உடம்புக்கு வைட்டமின் கே வேண்டுமாம். அதைத்தான் இந்த விஷம் முடக்குகிறது. பாதியில் நிறுத்தினால் போச்சு.

நாலு வாரமும் லன்ச் டயத்தில் போன் போட்டு, "மாத்திரை கொடுத்தாச்சா?" என்று கேட்டேன். சொந்த அம்மாவிடம்கூட இப்படிக் கேட்டதில்லை. மாத்திரை முடிந்து இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. அன்றைக்கு ஆபீஸில் ஒரு ஃபைல் நகரவில்லை. சாயங்காலம் நண்பனின் அப்பாவே லைனில் வந்தார்.

"ராஜாவுக்கு ரத்தம் சரியா உறையுதாம், தம்பி. அடுத்த தடவை வந்தா பெல்ட்டை ஆணியில மாட்டிடுங்க."