எங்கள் ஊரும் அக்காமாரும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருபவர், 1017-ஆம் ஆண்டில் இங்கே பிறந்த இராமானுசர். மாணவிகளாகிய எங்களுக்கோ காலையில் வரிசையாய்ச் செல்லும் கம்பெனி பஸ்கள்தாம்! 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2012-இல் ஒரகடத்தில் ஜெர்மானிய டெய்ம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியாவோ 2014-இல் மூடப்பட, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

டெய்ம்லர் பிறந்த ஸ்டட்கார்ட் நகரம் மோட்டார் வாகனங்களுக்கு மட்டுமன்றி, பாலே நடனத்திற்கும் உலகப் புகழ் பெற்றது. அங்கே தொழிலும் கலையும் உடன்பிறந்த சகோதரிகள்.

எங்கள் ஊரிலும் சித்திரைத் திருவாதிரை உற்சவத்தில் வீதிகள் நிறைந்து வழியும். ஆனால், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து உழைக்கும் அக்காமாருக்கு ஷிப்டும் உறக்கமுமே வாழ்க்கை. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது; மகிழ்ச்சியே. எங்கள் தெருவில் தங்கியுள்ள அக்காமார் ஞாயிறுதோறும் எங்களிடம் கதைப்புத்தகம் இரவல் கேட்கிறார்கள். ஒருவர் அழகாகப் பாடுவார்; கேட்பவர் நாங்கள் நால்வரே!

அவர்கள் படிக்கவும் பாடவும் ஊர் நடுவே ஒரு நல்ல நூலகமும் கலையரங்கமும் வேண்டும். நாளை எங்களில் பலரும் அந்தப் பஸ்களில் ஏறப்போகிறவர்கள்தாமே!