மருந்தின் நான்காம் கூறு

மருந்து என்றதும் மாத்திரையும் ஊசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. வள்ளுவரோ ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் அதனை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து அதைக் கொடுப்பவர். அந்த நான்காமவரின் அருமையை நான் பெரியப்பா வீட்டில்தான் கண்டேன்.

பெரியப்பா திருவண்ணாமலையை அடுத்த சிற்றூரில் மணிலா பயிரிடுபவர். ஓயாத இருமலுக்குச் சளியைச் சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையில் 6 மாதத்திற்கு இலவசமாக மாத்திரை தந்தார்கள். 2 மாதத்திற்குள் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. “நோய்தான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்றார். சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு அச்சம் வேறு. அது ரிஃபாம்பிசின் என்னும் மருந்தின் நிறம், தீங்கில்லை என்று செவிலியர் விளக்கினார்.

பெரியம்மா அத்தோடு விடவில்லை. காலையில் மாத்திரையும் தண்ணீருமாக எதிரே நிற்பார். விழுங்கிய பிறகே நாட்காட்டித் தாளைக் கிழிப்பார். “14 கிலோமீட்டர் மலை சுத்தப் போனவங்க பாதியில வீட்டுக்குத் திரும்புவாங்களா?” என்பார். பெரியப்பாவிடம் அதற்கு மறுமொழி இல்லை. 6 மாதமும் முடிந்தது, நோயும் நீங்கியது.

இருமல் நின்ற பிறகும் ஏன் மருந்து? எளிதில் மடியும் கிருமிகளே முதலில் மடிகின்றன. மெல்லப் பெருகும் சில, உள்ளே ஒடுங்கிக் கிடக்கின்றன. இடையில் நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். விட்டு விட்டு உண்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலையெடுக்கும். அவை வீட்டாரையும் தொற்றும்.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டியதில் நம் சென்னைக்குப் பெரும்பங்குண்டு. அங்கே 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும் மறுபகுதியினரை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர் என்று 1959இல் முடிவு வெளியாயிற்று. ஆனால் நாள் தவறாமல் மருந்து உண்ணச் செய்வதே பெரும்பாடாக இருந்தது. பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கண்ணெதிரே மருந்து உண்ணச் செய்யும் முறையும் பின்னர் அங்கே ஆராயப்பட்டது. பிற்காலத்தில் பல நாடுகள் அதனை மேற்கொண்டன. எங்கள் பெரியம்மா செய்ததும் அதுவே அன்றோ!

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசலுக்கு வந்த மாத்திரை வேளை தவறாமல் வயிற்றுக்குப் போக வேண்டுமே! படித்த நமக்கு அங்கே வேலை இருக்கிறது. எந்த மாத்திரை, எந்த வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்று பெரியவர்களுக்குத் தமிழில் எழிதிக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்காமல் தடுக்கலாம். ஒவ்வாமை தோன்றினால் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம்.

மருத்துவர் ஆவது நம்மில் சிலருக்கே வாய்க்கும். நான்காமவர் ஆவது எல்லோர்க்கும் எளிது.