இரண்டு அம்மா

அம்மாவின் முதல் திவசத்துக்கு மாட்ட ஒரு படம் வேண்டும் என்றாள் தங்கை. அடுக்களை ஜன்னலருகே நான் எடுத்தது ஒன்று, "ரா" கோப்பாகக் கிடந்தது. ரா என்பது கழுவாத பிலிம் மாதிரி. அதில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் அறியும். 1976-ல் கோடாக்கின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும். ஊகம் என்று வந்துவிட்டால் ஆளுக்கு ஒன்றுதானே!

காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் அம்மா எலுமிச்சை நிறமாக வந்தாள். மங்கலில் எடுத்த படத்தின் பொரிப்பொரியை அது துடைத்தபோது, நெற்றிச் சுருக்கங்களும் சேர்ந்து போயின. இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளில் திறந்தேன். கறுப்பு முகம், களைத்த கண்கள். எனக்கென்னவோ முதல் படந்தான் பிடித்திருந்தது.

தங்கை பார்த்துச் சிரித்தாள். "இது யாரு அண்ணா? பெண் பார்க்க வந்த அன்னிக்குக்கூட அம்மா இவ்வளவு சிவப்பா இருந்திருக்க மாட்டாங்க!"

சிரித்தவள், இரண்டாவது படத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

அதையே மாட்டினோம். மூலக் கோப்பை இரண்டு மென்பொருளும் மாற்றவில்லை. அது அப்படியே இருக்கிறது. இன்னொரு அம்மாவைத் தேடும் ஆசை மட்டும் எனக்கு வராமலிருக்க வேண்டும்.