காலண்டரில் இல்லாத நாள்

மேட்டூர் அணை எப்ப நிரம்பும்னு எந்தக் காலண்டரிலும் போட்டிருக்காது. குடகுல மழை கொட்டணும், கர்நாடகா அணைகள் நிறையணும், அப்புறம்தான் நமக்கு.

2018 ஆடியில, அஞ்சு வருஷம் கழிச்சு 120 அடி நிரம்பி, பதினாறு கண் மதகுல தண்ணி போகுதுன்னு டீக்கடையில சேதி வந்துச்சு. குச்சிக்கிழங்குக்குத் தண்ணி கட்டறதை மறுநாளைக்குத் தள்ளிட்டு, நாங்க நாலு பேரும் ரெண்டு வண்டியில அப்படியே கிளம்பிட்டோம். வீட்டுக்குப் போன் போட்டதே ஓமலூர் தாண்டித்தான். நுங்கும் நுரையுமாப் பாய்ந்த தண்ணியை இருட்டுற வரைக்கும் பார்த்தோம். மீன் வறுவல் தின்னுட்டு, நடுராத்திரி வீடு வந்து சேர்ந்தோம்.

அணை அதுக்கப்புறமும் பல தடவை நிரம்பிடுச்சு. அந்த நாலு பேர்ல ஒருத்தர் இப்ப இல்லை.

பட்டணத்துல இருக்கற நீங்க, "அடுத்த லீவுல பார்க்கலாம்"னு சொல்றீங்க. குச்சிக்கிழங்கு ஒரு நாள் தாங்குமுங்க. சினேகிதன் கூப்பிட்டா கிளம்பிடுங்க.