மூலக்குளத்திலிருந்து லடாக்குக்கு: வண்டியை ஆயத்தம் செய்தல்

புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து வில்லியனூர் நோக்கிச் செல்லும் விழுப்புரம் சாலையில் உள்ள மூலக்குளத்துக்கும் லடாக்கின் லே நகருக்கும் இடையே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைத்தொலைவு உண்டு. ஆயினும் ஆயத்தப் பணியை உண்மையில் தீர்மானிப்பது இரண்டு ஊர்களுக்கும் இடையிலான உயர வேறுபாடே. கடல்மட்டத்தை ஒட்டி, உப்புக்காற்றிலும் வெக்கையிலும் ஓடிப் பழகிய ஒரு ஜீப், காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் கணவாய்களைக் கடக்க வேண்டியுள்ளது. கூடுதல் விளக்குகளும் கூரைச் சட்டங்களும் அதன் பின்னரே எண்ணப்பட வேண்டியவை. அவற்றுள் பல எண்ணப்படாமலே போனாலும் இழப்பில்லை.

வங்கக் கடலின் உப்பு ஈரம், சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் மூடிய குழல்களுக்குள் தங்கி, வெளிப்பூச்சு கெடாமல் இருக்கும்போதே உள்ளே இரும்பை அரித்துவிடக்கூடும். ஆதலால் பட்டறையில் வண்டியை உயர்த்தி, நீர் வடியும் துளைகளின் அடைப்பை நீக்கி, பிரேக் எண்ணெய்க் குழாய்களையும் ஷாக் அப்சார்பர் பொருந்தும் தாங்கிகளையும் துருவுக்காகச் சோதிப்பதே முதற்பணியாகும். சமவெளியில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் துருவேறிய தாங்கி, கற்கள் பெயர்ந்த மலைப்பாதையில் ஒரே நாளில் முறிந்துவிடலாம்.

அடுத்தது ரேடியேட்டர். வெயில் ஊர்களில் அது வற்றினால் வெறுந்தண்ணீர் ஊற்றி ஓட்டுவது பலரின் வழக்கம். லே செல்லும் வழியில் 4,200 மீட்டருக்கு மேல் அமைந்த சர்ச்சுவின் உறைபனி இரவில் அத்தண்ணீர் பனிக்கட்டியாக விரிந்து எஞ்சின் உடலையே பிளக்கக்கூடும். வடிநீரோடு எத்திலீன் கிளைக்கால் சம அளவில் கலந்த கூலன்ட்டோ, சுழியத்துக்குக் கீழ் 35 பாகையளவிலும் உறையாது. டீசலிலும் இத்தகைய இடர் உண்டு. கடுங்குளிரில் அதிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைப்பதால்தான், சுழியத்துக்குக் கீழ் 33 பாகை வரை இளகிய நிலையில் இருக்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் லடாக்குக்கு அறிமுகப்படுத்தியது. கோடையில் செல்வோருக்கு இது பெரிதும் தேவைப்படுவதில்லை.

டயர் காற்றைப் பற்றி ஓட்டுநர்களிடையே நிலவும் ஒரு தவறான கருத்தைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். டயர்மானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. 5,300 மீட்டரைக் கடந்த தங்லங் லா கணவாயில் வெளியழுத்தம் ஏறத்தாழ 7 பி.எஸ்.ஐ. குறைவதால், மூலக்குளத்தில் 32 அடைத்த டயர் அங்கே 39 காட்டும் என அஞ்சி, பலர் புறப்படும்போதே காற்றைக் குறைத்துவிடுகின்றனர். ஆனால் வெப்பநிலை 32 பாகையிலிருந்து சுழியத்துக்கு இறங்கும்போது உள்ளழுத்தமும் ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. குறைந்துவிடுமாதலால், மிஞ்சும் ஏற்றம் சிறிதே. காற்றை முன்கூட்டிக் குறைத்தவர், வட இந்தியச் சமவெளியின் கொதிக்கும் நெடுஞ்சாலையில் தளர்ந்த டயரோடு விரைந்து அதை வெடிக்கவிடும் இடருக்கே ஆளாகிறார்.

இவை அனைத்தினும் மேலான இடர் எடை. பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் 1931இல் பெய்ரூட்டிலிருந்து பீஜிங் நோக்கி அனுப்பிய பயணக்குழு, முன்னே சக்கரமும் பின்னே ரப்பர்ப் பட்டையும் கொண்ட வண்டிகளோடு காசுமீரத்திலிருந்து கில்கித் நோக்கி ஏறியபோது, பாதை சரிந்திருந்த இடத்தில் வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றிச் சுமையாள்களின் தோளில் கடத்த நேர்ந்தது. இன்று சாலை உண்டு. எனினும் தேவையற்ற ஒவ்வொரு கிலோவும் ஸ்பிரிங் பட்டைகளையும் வீல் பேரிங்கையும் வருத்துகிறது, கூரைமேல் ஏற்றியதோ வளைவுகளில் வண்டியைச் சாய்க்கவும் முனைகிறது.

லே செல்லும் வழியிலுள்ள தாண்டி என்னும் ஊரின் எரிபொருள் நிலையத்தில், அடுத்தது 365 கிலோமீட்டருக்கு அப்பால் என எச்சரித்த பலகை பெரும்புகழ் பெற்றது. அதற்கு அஞ்சிக் கூரை நிறையக் கேன்களை அடுக்குவோர் உளர். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடினால் அத்தொலைவுக்கு 41 லிட்டர் போதும். மகிந்திரா தாரின் தொட்டியோ 57 லிட்டர் கொள்ளும். சுற்றுவழிகளுக்காக வண்டிக்குள் கட்டிய ஒரு 20 லிட்டர் கேன் தாராளம்.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே முழுச்சுமையோடும் வண்டியை எடைமேடையில் நிறுத்தி, பதிவுச் சான்றில் கண்ட மொத்த எடை வரம்போடு ஒப்பிட்டுவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கு ஒருமுறை ஏற்றி இறக்குவது மிகப் பயனுள்ள சோதனை. இறங்கியதும் சக்கர நட்டுகளையும் ஸ்பிரிங் பட்டைகளை இறுக்கும் யூ போல்ட்டுகளையும் மீண்டும் முறுக்கி, அவ்வழியில் ஒருமுறைகூடக் கை தொடாத பொருள்களை, ஸ்டெப்னி, ஜாக்கி, மருந்துப்பெட்டி, பஞ்சர் கிட் ஆகியவை நீங்கலாக, மூலக்குளத்திலேயே இறக்கி வைத்துவிடலாம்.